ஞாயிறு சேராது

பிப்ரவரி 18, புதன். சாம்பல் புதன்

மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் கொடுத்துவிட்டுப் போன டைரி இது. ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலும் நெஞ்செரிச்சல் மாத்திரைக்கு விளம்பரம் இருக்கிறது. இத்தனை நாளும் காலியாகக் கிடந்தது. இன்று முதல் எழுதப் போகிறேன். எங்கேயாவது கொட்டாவிட்டால் எனக்கே அந்த மாத்திரை தேவைப்படும்.

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்த கையோடு ரினியிடம் பேச்சை எடுத்தேன். ரினி என்றால் ரினிஷா, என் ஒரே மகள். பிளஸ் டூ. பொதுத்தேர்வு தலைக்கு மேல் நிற்கிறது. அவளோ கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பாராசூட்டில் ஒரு தீவில் குதித்து ஆட்களைச் சுடும் விளையாட்டிலேயே கிடக்கிறாள். கூப்பிட்டால் ‘என்ன’ என்பாள். அந்த ‘என்ன’ வெட்டரிவாள். போன மாதம் நான் வைஃபையை அணைத்ததற்குச் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டாள், மீன்குழம்பு சுவர் வரைக்கும் போயிற்று. முன்பெல்லாம் அப்படிப்பட்ட பிள்ளை இல்லை. எல்லாம் அந்த விளையாட்டு செய்த வேலை. வாட்ஸப்பில் ஒரு டாக்டரே இதைப் பேசி அனுப்பியிருக்கிறார்.

அவள் அப்பா டெரன்ஸ் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். ஏதாவது துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தால்தான் போன். ஆகவே இந்த வீட்டில் போலீசும் நான்தான், கோர்ட்டும் நான்தான்.

“தவக்காலத்துக்கு எல்லாரும் ஒண்ண ஒறுக்கணும். நீ அந்தக் கேம ஒறுத்துரு. ஈஸ்டர் வரைக்கும் தொடப்பிடாது” என்றேன்.

“நீ என்னத்த ஒறுக்க?”

யோசிக்க நேரம் இல்லை. “சீரியல்” என்று வந்துவிட்டது. சாயங்காலம் மூன்று சீரியல் பார்ப்பேன். மூன்றும் போயிற்று.

“சரி. ஆனா ஞாயித்துக்கிழம ஆடுவேன்.”

“அது என்னட்டி கணக்கு?”

“நாப்பது நாள் தபசுல ஞாயிறு சேராதும்மா. அது ஆண்டவர் உயிர்த்த நாளு. நீதான மறைக்கல்விக்கு அனுப்புன. காலண்டர்ல எண்ணிப் பாரு.”

எண்ணிப் பார்த்தேன். சேரவில்லைதான்.

பிப்ரவரி 20, வெள்ளி

சிலுவைப் பாதை முடிந்ததும் பங்குச் சாமியாரைப் பிடித்துக் கேட்டேன். சிரித்துவிட்டார். “பிள்ள சொல்றது சரிதான் செலின். ஞாயிறு சேராது.” சாமியாரிடம் சண்டை போட முடியாது, வந்துவிட்டேன். இந்த விதியை எழுதியவர்களுக்குப் பிள்ளைகுட்டி இருந்திருந்தால் இப்படி ஒரு ஓட்டை விட்டிருக்க மாட்டார்கள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டதும் கதவைச் சாத்தினாள். நான் துணி மடிக்கிற சாக்கில் கதவோரம் நின்றேன்.

அது என் மகள் குரல்தானா என்று இருந்தது. “அசார், லெஃப்ட்ல போ. சுடாத. சுடாதங்கேன்லா. நான் சொன்ன பொறவு.” துறைமுகத்தில் கிரேன்காரனுக்குக் கைகாட்டும் ஆள் மாதிரி அவ்வளவு தெளிவு. பிறகு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனையோ காலம் ஆகிறது. அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

கதவைத் திறந்தேன். “யாருட்டி அசார்?”

“டீம்ல இருக்கான்.”

“எந்த ஊரு?”

“காயல்பட்டினம்.”

“வீட்டுல யாரு என்னன்னு தெரியுமா?”

“ம்மா, கதவச் சாத்து.”

பிப்ரவரி 23, திங்கள்

கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த விளையாட்டை என் போனில் இறக்கினேன். வேறு எதற்கும் இல்லை. சுங்க அதிகாரி கப்பலில் ஏறிப் பார்த்தால்தானே உள்ளே என்ன சரக்கு என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவளோடு உள்ளே போய், யார் இந்த அசார், என்ன பேசுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

பெயர் கேட்டது. மாலா என்று போட்டேன். யாராவது கேட்டால் ஊர் சாத்தூர். அங்கே எங்களுக்குச் சொந்தம் யாரும் இல்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

குதித்தேன். நடக்க வழி கண்டுபிடிப்பதற்குள் செத்தேன்.

பிப்ரவரி 26, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை அவள் அணியில் நிற்க வேண்டுமென்றால் கொஞ்சமாவது ஆடத் தெரிய வேண்டும். அதனால் சாயங்காலம், சீரியல் பார்க்கும் நேரத்தில், பழகுகிறேன். நான் ஒறுத்தது சீரியலை. ரினி ஒறுத்தது விளையாட்டை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ரினி சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள். போனை ஹாலில் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு உள்ளே வேதியியல் படிக்கிறாள்.

சாளை மீன் ஒரு பக்கம் தீய்ந்துவிட்டது. அடுப்பு சரியில்லை.

மார்ச் 1, ஞாயிறு

சேர்ந்துவிட்டேன். அவள் விளையாட்டுப் பெயரைத் திரையில் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன். நான் கோரிக்கை அனுப்பியதும் எடுத்துக்கொண்டாள். மூன்று பேர் அணி. மூன்றாவதாக இருந்த நாகர்கோவில் பிள்ளையின் போனைத் தேர்வுக்காக அவள் அம்மா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம். நல்ல தாய்.

என் குரல் தெரிந்துவிடும் என்பதால் மைக்கைப் போடவில்லை. வீட்டில் மாமியார் இருக்கிறார், எழுதித்தான் பேச முடியும் என்று தட்டினேன். என் மாமியார் செத்துப் பல வருஷம் ஆகிறது. ஆண்டவர் மன்னிக்க வேண்டும்.

அவள் அறையில் அவள், என் அறையில் நான். நடுவில் ஒரே சுவர். அவள் பேசுவது முதலில் சுவர் வழியாகக் கேட்டது, அடுத்த கணம் காதுக்குள் கேட்டது. இரண்டு மகள்கள் இருப்பது மாதிரி இருந்தது.

போனதுமே என்னைச் சுட்டுவிட்டார்கள். இந்த விளையாட்டில் உடனே சாவதில்லை. முதலில் விழுந்து தவழலாம். உடலில் உயிர் வடிவதற்குள் கூட்டாளி யாராவது வந்து தூக்கிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். ரினி எங்கேயோ மலைமேல் இருந்தாள். அத்தனை குண்டுக்கும் நடுவில் இறங்கி ஓடிவந்தாள். “மாலாக்கா, பயப்படாதிய. விழுந்தா அப்படியே கெடங்க. எங்க இருந்தாலும் நான் வந்து தூக்கிருவேன்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் சந்தோஷமாக இருந்தது, அதை மறைத்துப் பிரயோசனம் இல்லை.

அசாரைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை. அடுத்த வாரம்.

மார்ச் 3, செவ்வாய்

தேர்வுகள் தொடங்கிவிட்டன. தமிழ் நன்றாக எழுதினாளாம்.

சாயங்காலம் நான் அடுக்களையில் காதில் மாட்டிக்கொண்டு நின்றபோது தண்ணீர் குடிக்க வந்தாள். ஹெட்போனின் முனை போனிலிருந்து கழன்றிருந்ததை நான் கவனிக்கவில்லை.

“என்னம்மா பாக்க?”

“யூட்யூப். சமையல்.”

“சமையல்ல ஏன் துப்பாக்கிச் சத்தம் கேக்கு?”

“குக்கர்” என்றேன்.

போய்விட்டாள்.

மார்ச் 5, வியாழன்

கடையில் ஒரே கூட்டம். கூட வேலை பார்க்கும் கோமதியிடம், “நீ லெஃப்ட்ட பாத்துக்கோ, செல்ஃபுக்குப் பின்னால ஒரு ஆள் நிக்கான், நான் சுத்திப் போறேன்” என்றேன். கோமதி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். செல்ஃபுக்குப் பின்னால் நின்றது முதலாளி. உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று கேட்டார். வெயில் ஆகாது எனக்கு.

வரும் வழியில் ஒரு கன்டெய்னர் லாரியின் முன்னால் ஸ்கூட்டியை வெட்டித் திருப்பினேன். அவன் கொடுத்த ஹாரனில் காது அடைத்துவிட்டது. ஆனால் இடைவெளி சரியாகத்தான் இருந்தது, நான் பார்த்துத்தான் போனேன்.

மார்ச் 6, வெள்ளி

சிலுவைப் பாதைக்குப் போகவில்லை. தலைவலி. கண்ணும் எரிகிறது. ரினி மட்டும் போய் வந்தாள், நாளை மறுநாளுக்குள் தேறிவிடுவேன்.

மார்ச் 8, ஞாயிறு

அசாரைப் பற்றிய விசாரணை முடிந்தது. குரல் இன்னும் முழுதாக உடையாத பையன். நடுவில், “உம்மா கூப்புடுறா, ஓடிப்போயி தயிர் வாங்கிட்டு வந்துர்றேன்” என்று போய்விடுவான். திரும்பி வந்ததும் இயற்பியலில் சந்தேகம் கேட்பான். ரினி ஒரு கையால் சுட்டுக்கொண்டே சொல்லிக் கொடுக்கிறாள். நான் சுற்றி வளைக்காமல், ‘நீங்க ரெண்டு பேரும் லவ்வா’ என்று தட்டினேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்ததில் ஆட்டமே தோற்றுப்போயிற்று.

இத்தோடு நான் வெளியே வந்திருக்க வேண்டும். வந்த வேலை முடிந்துவிட்டது. ஆனால் அசார் தயிருக்குப் போன நேரத்தில் அவளும் நானும் ஒரு பாழடைந்த வீட்டில் ஒளிந்திருந்தோம். சும்மா இருக்க முடியவில்லை. ‘ஆடினா வீட்ல திட்ட மாட்டாங்களா’ என்று தட்டினேன்.

“அப்பா கப்பல்ல இருக்காங்க. அம்மாதான். திட்டுனாக்கூடப் பரவால்லக்கா. அவங்க கேள்வி மட்டுந்தான் கேப்பாங்க. சாப்டியா, படிச்சியா, ஃபோன்ல யாரு, ஏன் லேட்டு. பதில் சொல்லி முடிச்சா அடுக்களைக்குப் போயிருவாங்க. இங்க ஒருத்தி விழுந்தா ஓடிப்போயித் தூக்குதோம்லா? எங்க வீட்ல விழுந்தா, ஏன் விழுந்தன்னு கேப்பாங்க.”

குறை சொல்கிற தொனி கூட இல்லை. வெயில் அதிகம் என்று சொல்வது மாதிரி சொன்னாள். சுவர் வழியாக ஒரு முறை, காதில் ஒரு முறை, இரண்டு முறை கேட்டேன்.

எழுந்து போய் அவள் கதவைத் தட்டி, ‘ஏட்டி, நான் அப்படியா?’ என்று கேட்க வேண்டும் என்று வந்தது. அதுவும் கேள்விதான். உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

இன்று முழுக்க ரினியிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். காலையில் தோசை வைத்துவிட்டு எதிரே நின்றேன். அவள் சாப்பிட்டாள். “சட்னில இன்னைக்கு உப்பு கொஞ்சம் கூட” என்றேன். “ம்” என்றாள். அதற்கு மேல் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. என் மகளிடம் பேசுவதற்கு என்னிடம் விஷயமே இல்லை. நான் பயந்துதான் போனேன்.

மார்ச் 11, புதன்

டெரன்ஸ் சிங்கப்பூரிலிருந்து பேசினார். ரினியோடு நெடுநேரம். பிறகு என்னிடம், “பிள்ள ஞாயித்துக்கிழம மட்டுந்தான் கேம் ஆடுதாளாமே. பரவால்லயே செலின், மாத்திக் காட்டிட்ட. நீ எப்படி இருக்க?” என்றார். சொல்ல ஆரம்பிப்பதற்குள் லைன் போயிற்று.

அப்புறம் ஆடினேன். ஒரு ஆட்டத்தில் நான் ஒருத்தியாகவே நாலு பேரைச் சுட்டேன். சொல்லிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

மார்ச் 13, வெள்ளி

கணக்குத் தேர்வு. வந்ததும் வராததுமாக, “எப்படிட்டி எழுதுன?” என்று என்னையறியாமல் வந்துவிட்டது.

“நல்லா.”

கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 15, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

இன்று அவள் ஆடுவதற்காக உள்ளே வரவில்லை. தீவில் இறங்கியதும் ஒரு பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். அசார் துருவித் துருவிக் கேட்டும் ஒன்றுமில்லை என்றாள். அவன் உம்மா கூப்பிட்டு அவன் போன பிறகு, “மாலாக்கா, ஒண்ணு சொன்னா யார்ட்டயும் சொல்ல மாட்டியளே” என்றாள்.

கணக்குத் தேர்வில் கடைசியில் இருந்த பெரிய கேள்விகள் அத்தனையும் தெரிந்தவைதானாம். எழுத ஆரம்பித்ததும் கை நடுங்கியிருக்கிறது. பேனா நிற்கவில்லை. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு எழுதிப் பார்த்திருக்கிறாள். அப்புறம் அந்தப் பக்கங்களை அப்படியே வெள்ளையாகக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். பாஸாவதே சந்தேகம் என்கிறாள். இதைச் சொல்லும்போது அழுதாள். சுவருக்கு அந்தப் பக்கம் என் பிள்ளை அழுகிறாள், இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கிறேன்.

‘அம்மாட்ட சொல்லலியா’ என்று தட்டினேன்.

“சொன்னா, கேம் ஆடித்தான் கை நடுங்குச்சும்பாங்க.”

உண்மை. அதைத்தான் சொல்லியிருப்பேன். மனத்துக்குள் ஏற்கெனவே சொல்லியும் விட்டேன்.

ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். ‘போனா போகட்டும். திரும்ப எழுதிக்கலாம். கை நடுங்குனா நடுங்கட்டும் தங்கம். நான் இருக்கேன்.’

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ஒங்களுக்குப் பிள்ளைங்க இருந்தா அவங்க குடுத்து வச்சவங்கக்கா” என்றாள்.

அந்த மாலா மேல் எனக்கு வந்த பொறாமையைச் சொல்லி முடியாது. சாத்தூரில் இல்லவே இல்லாத ஒருத்தி. பெற்றவள் நான், தங்கம் என்று கூப்பிட்டவள் அவள்.

மார்ச் 17, செவ்வாய்

தெரிந்துகொண்டு தெரியாத மாதிரி நடமாடுவது என்னால் ஆகாத காரியம். அவள் சோற்றைப் பிசையும்போது கையையே பார்க்கிறேன். பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “என்ன” என்கிறாள். கடையில் கைநடுக்கத்துக்கு என்ன மாத்திரை என்று முதலாளியிடம் கேட்டேன். யாருக்கு என்றார். சாத்தூரில் ஒரு பிள்ளைக்கு என்றேன்.

யாரிடமும் சொல்ல முடியாது. டெரன்ஸிடம் சொன்னால் அவர் அவளிடம் கேட்பார். கடைசியில் சாயங்காலம் கோயிலுக்குப் போய், வரும் ஞாயிறு பூசையை அவளுக்காக ஒப்புக்கொடுத்தேன். யாருக்காக, எதற்காக என்று பூசைக் கருத்தை எழுதும் உபதேசியார், என்ன கருத்துக்கு என்று கேட்டார். நான் கொட்டிவிட்டேன். ஆண்டவரிடம் சொல்வதாக நினைத்துத்தான் அத்தனையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார்.

பாரம் குறைந்தது. இன்று மீன் கூடத் தீயவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

எங்கள் பங்கில் பூசை தொடங்குவதற்கு முன்னால் உபதேசியார் மைக்கில் கருத்துகளை வாசிப்பார். பிறந்த நாளிலிருந்து இந்தக் கோயிலுக்குத்தான் வருகிறேன். இது எனக்குத் தெரியாததா? செவ்வாய்க்கிழமை அந்த நினைப்பே எனக்கு வரவில்லை.

இறந்தவர்கள் பெயர் முடிந்தது. திருமண நாள் நன்றி முடிந்தது. பிறகு அந்த மனுஷன் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, ஒரு சொல் விடாமல் வாசித்தார். “கணிதத் தேர்வில் கை நடுக்கத்தால் கடைசிப் பக்கங்களை எழுதாமல் விட்டுவிட்ட ரினிஷா தேர்ச்சி பெறவும், அவருடைய கைநடுக்கம் தீரவும் வேண்டி, தாய் செலின்.”

பெண்கள் பக்கம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. ரினி உடனே திரும்பவில்லை. பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருந்தாள். அவள் முகம் என் பக்கம் மெதுவாக வந்தது. என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் மடியில் இருந்த போனைப் பார்த்தாள். அவ்வளவுதான். பூசை முழுவதும் எழுந்தாள், முழங்காலிட்டாள், நற்கருணை வாங்கினாள். என்னோடு ஸ்கூட்டியில் ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வந்தாள்.

மத்தியானம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் போயிருக்கக் கூடாது. போகாமல் இருக்க முடியவில்லை. அவள் உள்ளே இருந்தாள். அசார் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகக் குதித்தோம். வயல்வெளியில் என்னை யாரோ சுட்டார்கள். விழுந்தேன்.

ரினி வந்தாள். பக்கத்தில் வந்து நின்றாள். தூக்கவில்லை.

“சாப்டீங்களா மாலாக்கா?” என்றாள்.

என் உயிர் வடிந்துகொண்டிருந்தது.

“படிச்சீங்களா? ஃபோன்ல யாரு? எந்த ஊரு?” சுவர் வழியாகவும் கேட்டது. கத்தவில்லை. “ஏன் விழுந்திய மாலாக்கா?”

‘ரினி’ என்று மட்டும் தட்டினேன். திரை இருண்டது.

அவள் தட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்திருந்தால் தேவலை.

மார்ச் 23, திங்கள்

விளையாட்டை அவள் போனிலிருந்தே அழித்துவிட்டாள். போன் சாமி படத்துக்குக் கீழே கிடக்கிறது.

மார்ச் 26, வியாழன்

தேர்வுகள் முடிந்தன. என்னிடம் பேசவில்லை. கோபமாகக் கூட இல்லை. சொன்ன வேலையைச் செய்கிறாள். துணி காயப்போடுகிறாள், பாத்திரம் துலக்குகிறாள். கதவு திறந்தே இருக்கிறது. திறந்த கதவுக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

இன்று ஞாயிறு. ஆடவில்லை.

பவனியில் பக்கத்து வீட்டு மெட்டில்டா என் கையைப் பிடித்துக்கொண்டு, “எப்படி செலின் விட வச்ச? எம் மவன் சோத்துக்கு மேல போன வச்சிக்கிட்டுத் திரியுதான். சொல்லிக்குடேன்” என்றாள். நான் குருத்தோலையைப் பின்னிக்கொண்டே நடந்தேன். சிலுவை செய்ய ஆரம்பித்தது, என்னவோ ஒரு முடிச்சாக வந்து நின்றது.

நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. கதவு சாத்துவதில்லை, துப்பாக்கிச் சத்தம் இல்லை, அசார் இல்லை. வீடு இப்படிக் கிடப்பதை என்னால் தாங்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

ஏப்ரல் 1, புதன்

மன்னிப்புக் கேட்கத்தான் அவள் அறைக்குப் போனேன். வாயைத் திறந்தால், “சாப்டியா?” என்று வருகிறது.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

கஞ்சி. கோயிலில் சிலுவை முத்தம். அவள் எனக்கு முந்தின வரிசையில் நின்றாள், வேற்று ஆள் நிற்பது மாதிரி.

ஏப்ரல் 5, ஞாயிறு. ஈஸ்டர்

ஆட்டுக்கறி, இடியாப்பம். தவக்காலம் முடிந்தது. சீரியல் பார்க்கலாம். அந்த மூன்று கதைகளும் எங்கே போய் நிற்கின்றன என்று தெரிந்துகொள்ளக் கூட ஆசை வரவில்லை. ரினி சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போனாள்.

மத்தியானம் போனில் மாலாவுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. அசார். ‘அக்கா ரினிக்கு என்னாச்சு. நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டனா. பதிலே இல்ல. உம்மாவும் கேட்டுட்டே இருக்கா.’ அந்தப் பையன் பல நாளாக இதே மாதிரி எழுதியிருக்கிறான். நான் இன்றுதான் திறந்தேன்.

படித்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பிள்ளைக்கு இருந்த சிநேகத்தையும் சேர்த்து அறுத்துவிட்டிருக்கிறேன். பெயரை மாற்றினேன். மாலாவை அழித்துவிட்டு செலின் என்று போட்டேன். என் அறைக் கதவை நன்றாகத் திறந்து வைத்தேன், கட்டிலில் உட்கார்ந்தேன், மைக்கைப் போட்டேன். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். எது பேசினாலும் அடுத்த அறைக்குக் கேட்கட்டும்.

அசார் உள்ளேதான் இருந்தான். “மாலாக்காவா? பேர மாத்திட்டிய?”

“மாலா இல்லப்பா. மாலான்னு யாரும் கெடையாது. நான் ரினிஷாவோட அம்மா.”

ஓடிக்கொண்டிருந்த அசாரின் பொம்மை நின்றுவிட்டது.

“அவ மேல ஒரு தப்பும் இல்ல, ஒம் மேலயும் இல்ல. நான்தான் ஒளிஞ்சிருந்து கேட்டேன். அவ நம்பிச் சொன்னத ஊருக்கே வாசிக்க விட்டுட்டேன். அவளுக்கு நான் செஞ்சது பெரிய பாவம். அவட்ட சொல்லத் தெரியல, ஒன்ட்ட சொல்லுதேன்.”

அசார் மிகவும் மரியாதையாக, “ஆன்ட்டி, கொஞ்சம் குனிஞ்சிக்கோங்க. அங்குட்டு யாரோ இருக்கான்” என்றான்.

குனிந்தேன். எங்கே என்று தேடினேன், தெரியவில்லை.

“பின்னால” என்று ஒரு குரல் வந்தது.

போனிலிருந்து இல்லை. நான் திரும்பினேன். விளையாட்டில் திரும்பியிருக்க வேண்டும், கட்டிலில் திரும்பிவிட்டேன். ரினி வாசற்படியில் நின்றாள். கண் சிவந்திருந்தது. கையில் ஈரத்துண்டு. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அதற்குள் போனில் டப்பென்று சத்தம், நான் விழுந்துவிட்டேன். “ஆன்ட்டி, அப்படியே கெடங்க, வந்துர்றேன்” என்று அசார் கத்திக்கொண்டு ஓடிவந்தான். அவனையும் சுட்டுவிட்டார்கள்.

“சுடுறவன் அங்க இருக்கான், நீ என்னத்துக்கு என்னப் பாக்க?” என்றாள்.

இரண்டு வாரத்தில் என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு. எனக்கு நெஞ்சு முட்டக் கேள்வி இருந்தது. கேட்டியா, மன்னிப்பியா, கை எப்படி இருக்கு, ஏன் அழுத. ஒன்றையும் கேட்கவில்லை. கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

அவள் உட்காரவில்லை. போகவும் இல்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நின்றபடியே, “அந்த மஞ்சப் பட்டன அமுக்கு. அடுத்த ஆட்டம் அதுல வரும்” என்றாள்.